பிட் லெவி கட்டுகிறீர்களா? கட்டிய காசுக்கு வேலை வாங்கும் வழி

இங்கிலாந்தில் பல நகர மையங்களில் கடை, உணவகம், சலூன், அலுவலகம் என்று எதை நடத்தினாலும், பிசினஸ் ரேட்ஸ் (வணிக இடங்களுக்கான உள்ளாட்சி வரி) பில்லைத் தவிர இன்னொரு பில்லும் கவுன்சிலிடமிருந்து வரும். மேலே 'பிட் லெவி' என்று போட்டிருக்கும். பரீட்சைக்குச் சட்டைக் கைக்குள் மடித்து வைக்கிற பிட் இல்லை இது. பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம். எங்கள் தெருவில் புதிதாகக் கடை போட்ட தம்பி ஒருவர் இது ஏதோ மோசடிக் கடிதம் என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். நினைவூட்டலையும் போட்டுவிட்டார். மாஜிஸ்ட்ரேட் நீதிமன்ற சம்மன் வந்த பிறகுதான், "அண்ணா, இது உண்மையிலேயே கட்ட வேண்டியதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

கட்ட வேண்டியதுதான். ஒரு எல்லைக்குள் இருக்கும் வணிகங்கள் வாக்களித்து, தங்கள் மேல் தாங்களே ஒரு கூடுதல் கட்டணம் போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தில் கவுன்சில் செய்யாத வேலைகளைத் தனி நிறுவனம் ஒன்றின் மூலம் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஒரு தடவை வாக்களித்தால் அதிகபட்சம் 5 ஆண்டு ஓடும். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. பிரிட்டன் முழுக்க 300க்கும் மேற்பட்ட பிட்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் 2004ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதை ஆள்கின்றன. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு; நான் சொல்வது இங்கிலாந்துக்கு.

ஒரு முழு ஐந்தாண்டு எங்கள் பிட்டின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். லெவியை எல்லோரிடமும் வாங்குகிறார்கள், ஆனால் கேட்கிறவர்களுக்குத்தான் வேலை நடக்கிறது. கேட்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. வரிசை தவறிக் கேட்டால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

லெவி பில், பிசினஸ் ரேட்ஸ் பில், கடையின் லீஸ் பத்திரம், உங்கள் பிட்டின் ஐந்தாண்டுத் திட்டப் புத்தகம் ஆகிய நான்கும் வேண்டும். திட்டப் புத்தகம் பிட்டின் இணையதளத்தில் இருக்கும். இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். லெவி விதிகள் அதன் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அவைதான் முக்கியம், முன்பக்கத்துப் படங்கள் இல்லை.

இவற்றோடு கடந்த மூன்று மாதக் கல்லாக் கணக்கையும், முடிந்தால் மணி வாரியாக, எடுத்து வையுங்கள். ஏன் என்பது எட்டாம் படியில் தெரியும்.

1. கட்ட வேண்டியவர் நீங்கள்தானா என்று பாருங்கள்

லெவி கட்ட வேண்டியவர், அந்த இடத்துக்கு பிசினஸ் ரேட்ஸ் கட்டும் பொறுப்பு உள்ளவர். பெரும்பாலும் அது வாடகைக்கு இருக்கும் கடைக்காரர்தான். இடம் காலியாக இருந்தால் பொறுப்பு உரிமையாளர் பக்கம் போகும்.

திட்டப் புத்தகத்தில் எல்லைக்குள் வரும் தெருக்களின் பட்டியல் இருக்கும். வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லைக்கோடு சில சமயம் தெருவின் நடுவிலேயே ஓடும். இந்தப் பக்கம் உள்ளே, எதிர்ப்பக்கம் வெளியே. மூலைக்கடைக்குப் பதிவான முகவரி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அடுத்தது விலக்குகள். பல பிட்கள் ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே உள்ள இடங்களை விட்டுவிடும். பெரிய ஷாப்பிங் சென்டருக்குள் இருந்து ஏற்கெனவே சர்வீஸ் சார்ஜ் கட்டுகிறவர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் சில இடங்களில் தள்ளுபடி உண்டு. ஆனால் ஒவ்வொரு பிட்டும் தன் விதியைத் தானே வகுக்கிறது. பக்கத்து ஊரில் மச்சானுக்குத் தள்ளுபடி கிடைத்தது என்று இங்கே கேட்டுப் பயனில்லை.

கடையை வேறொருவரிடமிருந்து கைமாற்றி வாங்குகிறீர்களா? அப்படியானால் 'சார்ஜபிள் டே' என்ற சொல்லை விதிகளில் தேடுங்கள். சில பிட்களில் ஏப்ரல் 1 போன்ற ஒரு குறிப்பிட்ட நாளில் யார் இடத்தை வைத்திருக்கிறாரோ அவரே முழு ஆண்டுக்கும் பொறுப்பு; நடுவில் விட்டுப் போனாலும் பணம் திரும்ப வராது. வேறு சில பிட்களில் நாள் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். இதைக் கையெழுத்துக்கு முன்பே சொலிசிட்டரிடம் சொல்லி, விற்கிறவரோடு பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். சாவி கைமாறிய பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

2. தொகையைச் சரிபாருங்கள்

லெவியைக் கணக்கிடுவது உங்கள் இடத்தின் ரேட்டபிள் வேல்யூவை வைத்து. பெரும்பாலான பிட்களில் அதில் 1 முதல் 2 சதவீதம் வரை. 20,000 பவுண்ட் மதிப்புள்ள கடைக்கு 1.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 300 பவுண்ட்.

இங்கே இரண்டு தடுமாற்றங்களை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ரேட்டபிள் வேல்யூ என்பது நீங்கள் கொடுக்கும் வாடகையும் இல்லை, கட்டும் ரேட்ஸ் தொகையும் இல்லை, விற்றுமுதலும் இல்லை. குறிப்பிட்ட ஒரு தேதியில் அந்த இடத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆண்டு வாடகையை அரசு மதிப்பிட்டு எழுதிய தொகை. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே காட்டும்.

இரண்டாவது தடுமாற்றம் சிறுகடைச் சலுகை. ரேட்டபிள் வேல்யூ 12,000 பவுண்டுக்குள் இருக்கும் ஒற்றைக் கடைக்கு இங்கிலாந்தில் பொதுவாக பிசினஸ் ரேட்ஸ் பூஜ்யம். அதிலிருந்து 15,000 வரை சலுகை படிப்படியாகக் குறையும். "ரேட்ஸே இல்லை, லெவி மட்டும் எப்படி?" என்று பலர் சண்டைக்குப் போகிறார்கள். அந்தச் சலுகை லெவிக்குத் தானாக வராது, இரண்டும் வேறு வேறு. பிட்டின் விதியில் விலக்கு எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் கட்டத்தான் வேண்டும்.

பில்லில் இருக்கும் மதிப்பு எந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து எடுத்தது என்றும் பாருங்கள். மறுமதிப்பீடு 2023 ஏப்ரல் 1இல் நடந்தது, அதற்கு அடுத்தது 2026 ஏப்ரல் 1. சில பிட்கள் ஐந்தாண்டுக்கும் ஒரே பட்டியலைப் பிடித்துக்கொள்ளும், சில புதிய பட்டியலுக்கு மாறும். மாறும் என்று எழுதாத பிட் மாற்றியிருந்தால் கேள்வி கேட்கலாம். ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப லெவி கூடுவதும் இதே மாதிரிதான். திட்டத்தில் எழுதியிருந்தால் மட்டுமே செல்லும்.

ஒரு எச்சரிக்கை: தொகையில் தகராறு இருந்தாலும் கட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள். பிசினஸ் ரேட்ஸ் பாக்கியை வசூலிக்கும் அதே முறையில் இதையும் கவுன்சில் வசூலிக்கலாம். "நான் எதிர்த்து வாக்களித்தேன்" என்பதும் காரணமாகாது. அந்தத் தம்பி கடைசியில் லெவியோடு நீதிமன்றச் செலவையும் சேர்த்துத்தான் கட்டினார்.

3. பேஸ்லைன் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

திட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கவுன்சிலும் போலீசும் ஏற்கெனவே என்னென்ன செய்கின்றன என்ற பட்டியலுக்கு பேஸ்லைன் என்று பெயர். தெருவை வாரத்தில் எத்தனை தடவை கூட்டுவார்கள், குப்பைத் தொட்டி எப்போது காலியாகும், தெருவிளக்கு யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். பிட் முன்மொழிவில் இந்த அறிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. பிட் செய்வது இதற்கு மேலே கூடுதலாக இருக்க வேண்டும். கவுன்சில் விட்ட வேலையை உங்கள் லெவியில் செய்தால் நீங்கள் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள்.

நடைமுறைப் பயன் என்னவென்றால், எந்தப் புகாரை யாரிடம் கொண்டுபோவது என்று இதிலிருந்து தெரிந்துவிடும். தொட்டி வழிகிறதா? கவுன்சில். சுவரில் கிறுக்கல், நடைபாதையில் காய்ந்த சூயிங்கம்மா? பெரும்பாலும் பிட். தெரியாமல் எல்லாவற்றையும் பிட்டிடம் சொன்னால் அவர்கள் அதைக் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள், நீங்களும் காத்திருப்பீர்கள்.

4. உங்கள் பெயரைப் பதியுங்கள், அதுவும் மூன்று இடத்தில்

முதலாவது, பிட்டின் தொடர்புப் பட்டியல். தினமும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். இலவசப் பயிற்சி, சாலை மூடல், திருடர் பற்றிய எச்சரிக்கை எல்லாம் அதில்தான் வரும். எங்கள் பட்டியலில் கால்வாசிக் கடைகளுக்கு முந்தைய முதலாளியின் முகவரியே இருந்தது.

இரண்டாவது, வாக்காளர் பெயர். யார் பெயருக்கு வாக்குச்சீட்டு வரும் என்று பிட்டிடம் கேளுங்கள். கம்பெனி பதிவு முகவரி அக்கவுண்டன்ட் அலுவலகமாக இருந்தால் சீட்டு அங்கே போய்த் தூங்கும்.

மூன்றாவது, கம்பெனி உறுப்பினர் படிவம். லெவி கட்டினாலே உறுப்பினர் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பல பிட்களில் அப்படி இல்லை. பிட்டை நடத்துவது பெரும்பாலும் இலாப நோக்கமற்ற ஒரு கம்பெனி. அதன் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்க வேண்டுமானால் தனியாக ஒரு பக்கப் படிவம் நிரப்பித் தர வேண்டும். கட்டணம் கிடையாது, ஐந்து நிமிட வேலை. ஆனால் கூட்டத்தன்று போய்க் கேட்டால் தர மாட்டார்கள்.

5. பாதுகாப்புச் சேவையை முதலில் வாங்குங்கள்

சின்னக் கடைக்கு லெவி உடனே திரும்புவது இந்த வழியில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நகர மைய பிட்களில் பொதுவாக மூன்று விஷயம் இருக்கும்: கடைகளை இணைக்கும் வாக்கி டாக்கி, தொடர்ந்து திருடுகிறவர்களின் படங்களும் தகவலும் உள்ள ஒரு செயலி, தெருவில் சீருடையில் நடக்கும் ரேஞ்சர்கள். சில ஊர்களில் இவர்களுக்கு அம்பாசடர், வார்டன் என்று பெயர். வாக்கி டாக்கிக்குச் சில இடங்களில் தனி வாடகை உண்டு, சில இடங்களில் லெவிக்குள்ளேயே அடங்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

செயலியில் சேர, தகவல் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். காரணம், அதில் இருப்பவை அடையாளம் தெரியும் மனிதர்களின் படங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். புதியவர்கள் சறுக்கும் இடம் இது. செயலியில் வந்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, அச்சடித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுவது இரண்டும் கூடாது. அப்படிச் செய்த கடையை ஒரு தடவை திட்டத்திலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று.

வாங்கிய வாக்கி டாக்கியை சார்ஜரில் போட்டு மறந்துவிடுவது அடுத்த தவறு. காலையில் கடை திறந்ததும் கட்டுப்பாட்டு அறை பெயர் சொல்லி அழைக்கும். பதில் சொல்ல வேண்டும். கருவி வேலை செய்கிறதா என்று தெரியவும், கல்லாவில் நிற்கிற புதுப்பிள்ளைக்குப் பேச வாய் வரவும் அது ஒத்திகை. ஒத்திகை பார்க்காத பிள்ளை, அவசரத்தில் பொத்தானை அழுத்தாமலேயே கத்திக்கொண்டிருக்கும்.

இனி முக்கியமான வேலை: பதிவு செய்தல். ஐந்து பவுண்ட் சாமான் போனாலும் எழுதுங்கள். தேதி, நேரம், போன பொருள், விலை, ஆள் உடுத்திருந்தது, போன திசை. சிசிடிவி துண்டைத் தனியே சேமியுங்கள், ஏனென்றால் கருவி சில வாரங்களில் பழையதன் மேலேயே எழுதிவிடும். போலீசில் சொல்லிக் குற்ற எண்ணையும் வாங்கி அதோடு சேருங்கள். ஆபத்து என்றால் 999, முடிந்துபோன சம்பவம் என்றால் 101 அல்லது இணையம்.

"ஐந்து பவுண்டுக்கு இவ்வளவு வேலையா?" என்று எல்லோரும் கேட்பார்கள். உங்கள் ஒரு பதிவால் எதுவும் நடக்காதுதான். ஆனால் அதே ஆள் ஒரே மாதத்தில் பதினொரு கடையில் கை வைத்தது ஒரே கோப்பில் வந்தால், அந்த ஆள் தண்டனை பெறும்போது நகர மையத்துக்குள் வரக் கூடாது என்ற உத்தரவையும் சேர்த்துக் கேட்க அரசுத் தரப்பிடம் ஆதாரம் இருக்கும். அந்தக் கோப்பைத் தொகுத்துப் போலீசிடம் தருவது பிட்டின் வேலை, அதற்குச் சரக்குத் தருவது நம்முடையது. எங்கள் வரிசையில் ஏழு கடை பதிவு செய்யவில்லை. கோப்பில் எங்கள் தெரு அமைதியான தெருவாகவே இருந்தது. ரேஞ்சர் ரோந்து வேறு தெருவுக்குப் போனது. யாரைக் குறை சொல்ல?

ரேஞ்சர் போலீஸ் இல்லை. காவல்துறைத் தலைவரின் அங்கீகாரம் பெற்றவர்களுக்குச் சில வரையறுத்த அதிகாரங்கள் உண்டு. மற்றவர்கள் பேசிச் சமாளிக்கவும் சாட்சி சொல்லவும்தான். "ஏன் பிடிக்கவில்லை?" என்று அவர்களிடம் கோபிக்காதீர்கள்.

6. சுத்தம்: படம், இடம், யாருடைய நிலம்

கேட்கும்போது மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும். எந்தக் கதவுக்கு எதிரே, பக்கத்தில் என்ன கடை என்று ஒரு வரி. பொது நடைபாதையா, உங்கள் முன்றிலா என்று இன்னொரு வரி. தனியார் நிலத்தில் கை வைக்க பிட்டுக்கு உரிமையாளரின் அனுமதிக் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளை முன்கூட்டியே ஒரு தடவை கொடுத்து வைத்தால் அடுத்த கிறுக்கலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நடைபாதையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஜெட் வாஷ் எந்த நாள் என்று முன்பே கேட்டு வையுங்கள். வெளியே வைத்த பலகை, பூந்தொட்டி, காய்கறிப் பெட்டி எல்லாம் உள்ளே போக வேண்டும். ஒரு கடை எடுக்காவிட்டால் அந்த இடத்தைச் சுற்றி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அழுக்கு ஒரு சதுரமாக அடுத்த ஆறு மாதம் நிற்கும்.

7. கூட்டுக் கொள்முதல், இலவசப் பயிற்சி

குப்பை அகற்றல், மின்சாரம், கார்டு இயந்திரம் போன்றவற்றைப் பல கடைகளுக்கும் சேர்த்துப் பேரம் பேசித் தரும் பிட்கள் உண்டு. குப்பையில்தான் சட்டென்று பயன் தெரியும். 2025 மார்ச் 31 முதல் இங்கிலாந்தில் முழுநேரக் கணக்கில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் மறுசுழற்சிப் பொருளையும் உணவுக் கழிவையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள நிறுவனங்களுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம். தொட்டிகள் கூடுகின்றன, வண்டியும் கூடுகிறது. தனியாகப் பேசினால் விலையும் கூடும்.

மாறும் முன் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். குறித்த காலத்துக்குள் எழுத்தில் விலகவில்லை என்றால் தானாக இன்னொரு ஆண்டு நீளும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். புதிய தொட்டி வாசலில் வந்து நின்ற பிறகு இதைக் கண்டுபிடித்தவரை எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியில்தான் தெரிவார்.

பயிற்சிகள்: முதலுதவி, தீயணைப்புப் பொறுப்பாளர், மதுவிற்பனை உரிமத்துக்கான படிப்பு, சண்டைக்கு வரும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது. வெளியே ஒரு ஆளுக்குக் காசு கொடுத்துப் படிக்க வேண்டியவை. இரண்டு பேரை ஆண்டுக்கு இரண்டு வகுப்புக்கு அனுப்பினாலே சின்னக் கடையின் லெவியில் பெரும்பகுதி திரும்பிவிடும். இடங்கள் சீக்கிரம் நிரம்பும். பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் அடுத்த தடவை உங்களைக் கடைசியில் வைப்பார்கள், அது நியாயம்தான்.

8. விழாக்களும் ஆள் நடமாட்டக் கணக்கும்

கிறிஸ்துமஸ் விளக்கு, கோடைத் திருவிழா, உணவு வாரம் என்று பிட் செலவிடும் பெரிய தொகை இங்கே போகிறது. கூட்டம் வரும். ஆனால் வந்த கூட்டம் உங்கள் கதவைத் திறக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

பிட்டிடம் ஆள் நடமாட்டத்தை எண்ணும் கருவிகள் இருக்கும். கேட்டால் மணிவாரிக் கணக்கைத் தருவார்கள், கேட்காமல் தருவதில்லை. அதை உங்கள் கல்லாக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் முதல் தடவை அப்படி வைத்துப் பார்த்தபோது வியாழக்கிழமை மாலை 5 முதல் 8 வரை தெருவில் நல்ல கூட்டம். என் கல்லாவில் 5.30க்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஏனென்றால் நான் ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டாக.

கணக்கு கையில் வந்த பிறகு விழாவுக்கு வாருங்கள். நிகழ்ச்சித் தாளில் கடை பெயர் வர அச்சுக்குப் போகும் தேதிக்கு முன் விவரம் தர வேண்டும். அது விழாவுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். வெளியூர் உணவு வண்டிகளை உங்கள் வாசலுக்கு எதிரே நிறுத்துவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். வண்டி வந்து அடுப்புப் பற்றவைத்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. திட்டமிடும் கட்டத்தில், உள்ளூர்க் கடைகளுக்கு முதல் உரிமை என்று கேட்டு வாங்கிய இடங்கள் உண்டு.

அப்புறம், சாலை மூடலால் காலை சரக்கு வண்டி உள்ளே வராது. எங்களில் ஒருவர் அன்று பால் பெட்டிகளைக் கால் மைல் தூக்கி வந்தார்.

9. பிட்டால் முடியாததைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்

வாடகை, பிசினஸ் ரேட்ஸ், பார்க்கிங் கட்டணம், போலீஸ் எண்ணிக்கை ஆகியவற்றை பிட் முடிவு செய்வதில்லை. பேச மட்டும் முடியும். ஆனால் பல நூறு கடைகளின் பெயரில் பேசுவதும் தனிக்கடை பேசுவதும் ஒன்றில்லை.

அதனால் கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். திட்டப் புத்தகத் தலைப்புகளுக்குள் வருவது: அந்தத் தலைப்பின் பெயரையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அதற்குப் பணம் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறார்கள், மறுப்பது கடினம். தலைப்புக்கு வெளியே வருவது: எண்களோடு கொடுங்கள். "பார்க்கிங்கால் வியாபாரம் போச்சு" என்பது புலம்பல். "பார்க்கிங் கட்டணம் ஏறிய ஆறு வாரத்தில், சனிக்கிழமை பில்கள் 140இலிருந்து 95 ஆகிவிட்டன" என்பது கவுன்சில் மேசையில் வைக்கக்கூடிய வரி. அப்படி ஆறு கடை கொடுத்தால் மேலாளர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

தனித்தனியாகக் கோபப்பட்டு எழுதிய பத்து மின்னஞ்சலை விட, பத்து கடை கையெழுத்திட்ட ஒன்று நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பீர்கள். என் அனுபவம் வேறு. ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டிய கையெழுத்துக் கடிதத்தை ஒன்று என்றுதான் எண்ணுவார்கள். ஒவ்வொருவரும் தன் கடைக் கணக்கின் எண்களைப் போட்டு நான்கு வரி எழுதியது பத்தாகவே எண்ணப்படும்.

10. கூட்டத்துக்குப் போங்கள், கணக்கைப் பாருங்கள்

லெவியை வசூலிப்பது கவுன்சில். அது தனிக் கணக்கில் போய் பிட் கம்பெனிக்குக் கைமாறும். கம்பெனியின் ஆண்டுக் கணக்கை, அரசின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு வரியை மட்டும் பாருங்கள், அதில் இல்லையென்றால் பிட்டிடம் கேளுங்கள்: அலுவலகம், சம்பளத்துக்கு எவ்வளவு, செலவழிக்காமல் கையிருப்பில் எவ்வளவு. சம்பளம் என்றதும் துள்ள வேண்டாம், ரேஞ்சரின் சம்பளமும் சில கணக்குகளில் அதற்குள்தான் வரும். பிரித்துக் கேளுங்கள்.

நிர்வாகக் குழுவில் லெவி கட்டுகிறவர்களுக்கு இடம் உண்டு, பொதுவாகச் சம்பளம் இல்லை. நம் ஆட்கள் அங்கே குறைவு. "ஆங்கிலத்தில் பேச வேண்டுமே" என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. முதல் இரண்டு கூட்டம் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் பின்சந்து விளக்கு பற்றி மட்டும் பேசினேன். அந்தச் சந்தைப் பற்றித் தெரிந்தவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

குழுவில் சேர்ந்தால் ஒன்று: உங்கள் கடை அல்லது உறவினர் நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் வந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு வெளியே போய்விடுங்கள். அப்படி முன்கூட்டியே சொல்வது கம்பெனி இயக்குநரின் சட்டக் கடமை, மரியாதைக்குச் செய்வதில்லை.

11. வாக்கெடுப்பு

தபாலில் நடக்கும். சீட்டு அனுப்பியதிலிருந்து குறைந்தது 28 நாள் இருக்கும்; கடைசி நாள் மாலை 5 மணிக்கு முடியும். அந்த நேரத்துக்குள் சீட்டு போய்ச் சேர வேண்டும், தபாலில் போட்டால் மட்டும் போதாது. உறையில் பிட்டின் பெயர் இல்லாமல் வாக்கெடுப்பு நடத்தும் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போடப்படும் சீட்டுகள் ஏராளம்.

ஒரு இடத்துக்கு ஒரு வாக்கு. மூன்று கடை வைத்திருந்தால் மூன்று சீட்டு, மூன்றையும் நிரப்பி அனுப்ப வேண்டும். எல்லைக்குள் நூலகம், அலுவலகம் வைத்திருக்கும் கவுன்சிலுக்கும் வாக்கு உண்டு.

வெல்ல இரண்டு பெரும்பான்மை வேண்டும்: வாக்களித்தவர்களில் தலைக்கணக்கில் பாதிக்கு மேல், அவர்களின் ரேட்டபிள் வேல்யூவைக் கூட்டினால் அதிலும் பாதிக்கு மேல். 200 பேர் வாக்களித்து 120 பேர் ஆம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 120 சின்னக் கடைகளின் மொத்த மதிப்பு 30 லட்சம் பவுண்ட், இல்லை என்ற 80 பெரிய கடைகளின் மதிப்பு 50 லட்சம் என்றால், திட்டம் தோற்றது. திருப்பிப் போட்டாலும் அப்படியே: பெரிய கடைகள் மட்டும் சேர்ந்து சின்னக் கடைகளின் தலையில் இதைக் கட்ட முடியாது, சின்னக் கடைகள் வாக்களித்தால். இங்கிலாந்தில் இத்தனை சதவீதம் பேர் வாக்களிக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பு இல்லை. ஸ்காட்லாந்தில் 25 சதவீதம். ஆகவே இங்கே அனுப்பாத சீட்டு எந்தப் பக்கமும் சேராது.

ஆமா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. புதிய திட்டப் புத்தகத்தையும் பழையதையும் பக்கத்தில் வைத்து, போன தடவை எழுதியதில் எது நடந்தது என்று பென்சிலால் டிக் போடுங்கள். வாக்குச்சீட்டு வருவதற்குச் சில மாதம் முன்பு, புதுத் திட்டம் வரைவாக இருக்கும்போது, கருத்துக் கேட்பார்கள். உங்கள் கோரிக்கை புத்தகத்துக்குள் ஏற வேண்டிய நேரம் அதுதான். சீட்டு வந்த பிறகு ஒரு வரியும் மாறாது.

நடத்திய விதத்தில் பெரிய முறைகேடு இருந்ததாகத் தெரிந்தால், முடிவு அறிவித்த 28 நாளுக்குள், வாக்குரிமை உள்ளவர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் சேர்ந்து அமைச்சரிடம் முறையிடலாம். முடிவு பிடிக்கவில்லை என்பது முறைகேடு ஆகாது.

தோற்றால் ஏற்கெனவே ஓடும் காலம் முடியும் வரை பிட் இருக்கும். அதன் பிறகு கணக்கை மூடுவார்கள். ரேஞ்சர்கள் போய்விடுவார்கள், வாக்கி டாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், டிசம்பர் விளக்குக்குக் கவுன்சில் காசு போட வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் லெவியும் நின்றுவிடும். ஜெயித்தால், முதல் பில் வரும்போது ரேட்டபிள் வேல்யூ எந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது என்று மறுபடி பாருங்கள்.